நத்தார்க் கேக்கின் சமூக வரலாறு: சில குறிப்புகள்

1

உணவு பற்றிய ஆராய்ச்சி தமிழியலிலே இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. சங்க இலக்கியங்களிற் கூறப்படும் உணவு வகைகளைத் தொகுத்துப் பட்டியலிட்ட கட்டுரைகள் பல உள. ஆயின் ஒரு பண்டம் யாரால் விளைவிக்கப்பட்டது, யாரால் ஆக்கப்பட்டது, யாரால் உண்ணப்பட்டது என்ற மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பி, அவற்றுக்கிடையேயுள்ள உறவை ஆராய முற்பட்டவை மிகச் சிலவே. அத்தகைய ஆய்வுக்கு இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, மார்கழி மாதத்திலே இந்நாட்டின் கிறித்தவர் வீடுகளிலும், கிறித்தவரல்லாதார் வீடுகள் சிலவற்றிலுங்கூடச் செய்யப்படும் நத்தார்க் கேக் ஆகும். பொருள் அற்பமானது எனச் சிலர் கருதலாம். பண்டம் என்பது யாது என்ற வினாவிலிருந்தே தமது பெருநூலை மார்க்ஸ் தொடங்கினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுதல் போதுமானது.

முதலிற் பண்டத்தின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். வறுத்த ரவை, பட்டர், சீனி, பெருந்தொகையான முட்டை மஞ்சட் கருக்கள், மரமுந்திரிகைப் பருப்பாகிய கஜு, உலர்ந்த முந்திரிகைப் பழம், பாகேற்றிய தோடம்பழத் தோல், செரி, இஞ்சிப் பாகு, நீற்றுப்பூசணியிற் செய்யப்படும் தோசி, தேன், பன்னீர், பிறண்டி, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய் ஆகியன இதன் உறுப்புகள். பழங்களும் பருப்புகளும் பொடியாக அரியப்பட்டு, பிறண்டியும் தேனும் வாசனைப் பொருட்களும் சேர்த்துப் பல நாட்கள், வசதியுள்ள வீடுகளிற் பல வாரங்கள், ஊறவைக்கப்படும். பின்னர் அடித்த பட்டர், சீனி, முட்டை, ரவை ஆகியவற்றுடன் கலக்கப்பட்டு, மெல்லிய வெப்பத்திலே நெடுநேரம் வேகும். ஆறியபின் சிறு செவ்வகத் துண்டுகளாக வெட்டித் தாளிற் சுற்றி வைப்பர். சீனி நீரைத் தன்பாற் கட்டி வைத்துக்கொள்வதாலும், மதுசாரம் உடனிருப்பதாலும் நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகா. எனவே இக்கேக் மாதக்கணக்கிற் கெடாதிருக்கும்.

இப்பண்டத்தைப் பற்றி இரு நோக்குகள் எம்மிடையே வழங்குகின்றன. முற்போக்காளர் பலர் இதனைக் குடியேற்றவாதம் விட்டுச்சென்ற எச்சம் என்றும், ஆங்கில நடையுடை பாவனைகளைப் பின்பற்றிய மேற்றட்டினரின் போலச்செய்தல் என்றும் ஒதுக்குவர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். மறுபுறத்தே, மார்கழி தோறும் வெளிவரும் சஞ்சிகைப் பக்கங்கள் இதனைப் 'பாரம்பரியம்' என்றும் 'பாட்டிமார் கைப்பக்குவம்' என்றும் போற்றுகின்றன. ஒன்றுக்கொன்று முரண்பட்டனபோலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும் அடிப்படையில் ஒன்றே. இரண்டும் கேக்கை முடிந்த பொருளாகக் கொள்கின்றன. அதனை ஆக்கிய உழைப்பைக் காண்பதில்லை. உழைப்பின் வரலாற்றை விடுத்து நோக்கும்பொழுதே மரபு என்பது என்றும் மாறாததொன்றாகத் தோற்றமளிக்கின்றது என்பதும், அவ்வரலாற்றைச் சேர்த்து நோக்கும்பொழுது அம்மரபின் உரிமையாளர் வேறு சிலராகத் தெரிவர் என்பதுமே நாம் இங்கு நிறுவ முயல்வன.

2

இங்கிலாந்திலே பழங்கள் நிறைந்த கேக் தொடக்கத்தில் நத்தார்த் தினத்துக்கு உரியதாக இருக்கவில்லை. நத்தாரைத் தொடர்ந்து வரும் பன்னிரு நாட் கொண்டாட்டத்தின் முடிவாகிய, தை 6ஆந் திகதித் திருநாளுக்கே அது உரியதாயிருந்தது. மாவுக்குள்ளே அவரை விதையொன்றை இட்டுச் சுட்டு, அது எவருடைய துண்டில் அகப்படுகின்றதோ அவரை அன்றிரவுக்கு அரசராகக் கொள்வது வழக்கம். ஓரிரவுக்கு மட்டும் தாழ்ந்தோர் உயர்ந்தோராதல் நிலமானிய சமுதாயத்தின் திருவிழாக்கள் பலவற்றிற் காணப்படும் பண்பாகும். மறுநாட் காலையில் அரசன் அரசனாகவும் அடிமை அடிமையாகவும் இருப்பதற்கு அந்த ஓரிரவு உதவிற்று எனலாம்.

இலண்டனிலே கடற்படை நிர்வாகத்தில் அலுவலராக இருந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் எழுதிய நாட்குறிப்பு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் வாழ்வை அறிவதற்குச் சிறந்ததொரு சான்றாகும். 1668ஆம் ஆண்டு தை 6ஆந் திகதியன்று தமது வீட்டிற் பரிமாறப்பட்ட கேக்குக்கு ஏறத்தாழ 20 சிலிங் செலவாயிற்று என்றும், அதனை வீட்டு வேலைக்காரியாகிய ஜேன் செய்தாள் என்றும், விருந்தினர் தொகை பெருகியமையால் அது 20 துண்டுகளாக வெட்டப்பட்டது என்றும் அவர் குறித்துள்ளார். இருபது சிலிங் ஒரு பவுணாகும். அக்காலத்து வேலைக்காரப் பெண்ணொருத்தியின் ஆண்டுக் கூலியோ சில பவுண்களே. எனவே ஜேன் தனது சில மாதக் கூலிக்கு ஈடான பண்டமொன்றை ஒரு மாலைப் பொழுதுக்காக ஆக்கி வழங்கினாள் என்றாகின்றது. கேக்கின் வரலாற்றில் அதனைச் செய்தவளின் பெயர் பதிவாகிய அரிய சந்தர்ப்பங்களுள் இஃதொன்று. அதுவும் எசமானனின் செலவுக் கணக்கோடு சேர்ந்தே பதிவாகியது என்பது மனங்கொளத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே, பெருங்குடும்பமொன்றில் இல்ல நிர்வாகியாகப் பணியாற்றிய எலிசபெத் ராஃபால்ட் 1769இல் தமது சமையல் நூலை வெளியிட்டார். மணவிழாவுக்குரிய பழக்கேக்கின்மீது வாதுமைப் பசையும், அதன்மேல் வெண்ணிறச் சீனிப் பூச்சும் இடும் முறை அச்சிலே முதன்முதலாக அந்நூலிற் காணப்படுவதாகக் கூறுவர். அக்காலத்தில் இன்று நாம் பயன்படுத்தும் பேக்கிங் பவுடர் இருக்கவில்லை. இங்கிலாந்தில் அல்ஃபிரட் பேர்ட் என்பார் அதனை ஆக்கியது 1843இலேயே ஆகும். ஆகவே கேக் மென்மையாக வருவதற்கு ஈஸ்ட் வேண்டும். அன்றேல் முட்டையையும் வெண்ணெயையும் நெடுநேரம் கையால் அடித்தல் வேண்டும். பணிப்பெண்ணின் தோள்வலியே கேக்கின் மென்மையாக மாறிற்று எனக் கூறின் அது மிகையாகாது.

தைத் திருநாளின் கேக் நத்தார்க் கேக்காக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆகும். இதற்குக் காரணம் சமயமன்று. தொழிற்சாலையே காரணம் என்பது எமது கருத்து. வேளாண் சமுதாயத்திலே மாரி காலத்தில் வேலை குறைவு. பன்னிரு நாட்கள் கொண்டாடுதல் இயலும். இயந்திரம் அவ்வாறு ஓய்வதில்லை. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட நத்தார்க் கதையிலே, எழுதுவினைஞன் ஒருவனுக்கு அவ்வொரு நாள் விடுமுறையைக் கொடுப்பதற்கே முதலாளி முகஞ்சுளிப்பதை நாம் காண்கின்றோம். 1871இல் இயற்றப்பட்ட வங்கி விடுமுறைச் சட்டம் மார்கழி 26ஆந் திகதியை அதனுடன் சேர்த்தது. பன்னிரு நாட்கள் இரண்டாகக் குறுகியபொழுது, பன்னிரண்டாம் நாளுக்குரிய பண்டமும் முதல் நாளுக்கு இடம்பெயர்ந்தது. தொன்றுதொட்டு வருவதாகக் கருதப்படும் நத்தார்க் கேக், இவ்வகையில், கைத்தொழில் முதலாளித்துவத்தின் நாட்காட்டி தோற்றுவித்த மரபாகும்.

3

இனி, கேக்கின் முதன்மையான உறுப்பாகிய சீனியை நோக்குவோம். மத்திய கால ஐரோப்பாவிலே சீனி மருந்தாகவும் வாசனைப் பொருளாகவும் சிறிதளவிலேயே பயன்பட்டது. பழத்தைப் பாகேற்றுதல் என்பது, பழத்திலுள்ள நீரைப் படிப்படியாக வெளியேற்றி அவ்விடத்திற் சீனிப் பாகைப் புகுத்துவதாகும். நாளுக்கு நாள் பாகின் செறிவை உயர்த்திச் செய்யப்படும் இவ்வேலைக்குப் பழத்தின் அளவுக்குக் குறையாத சீனி வேண்டும். எனவே பாகேற்றிய பழம் தொடக்கத்தில் அரசவைக்கும் பிரபுக்களுக்குமே உரியதாயிருந்தது.

இந்நிலையை மாற்றியது கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டமாகும். 1640கள் தொடக்கம் பார்படோஸ் தீவிலும், பின்னர் ஜமேக்காவிலும், ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பைக் கொண்டு சீனி பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டது. எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட நூலிலே அடிமை உழைப்புக்கும் பிரித்தானிய மூலதனத் திரட்சிக்குமுள்ள தொடர்பை விளக்கினார். சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அதே சீனி ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் அன்றாட உணவாக மாறியவாற்றைக் காட்டிற்று. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபொழுது 2 கோடிப் பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, அடிமைகளின் உடைமையாளருக்கே வழங்கப்பட்டது. அதற்கெனப் பெற்ற கடன் பிரித்தானிய மக்களின் வரிப்பணத்திலிருந்து முற்றாகத் தீர்க்கப்பட்டது 2015இலேயே ஆகும். அடிமைகளின் வழித்தோன்றல்கள் சிலரும் பிரித்தானியாவில் வரி செலுத்துவோராக இக்கடனைத் தீர்ப்பதிற் பங்குகொண்டனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடிமைகள் நீங்கிய இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். இவ்விடத்தேதான் கேக்கின் வரலாறு தமிழர் வரலாற்றுடன் நேரடியாகப் பிணைகின்றது. மொரீசியசுக்கும், 1838 முதல் பிரித்தானிய கயானாவுக்கும் இந்தியத் தொழிலாளர் சென்றனர். 1860ஆம் ஆண்டு கார்த்திகை 16ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னுங் கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதனைத் தொடர்ந்து 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 இந்தியர் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தவர். அவர்கள் முதலில் அமர்த்தப்பட்டது கரும்புத் தோட்டங்களிலேயே. அம்மாநிலத்தின் பெயர் நேற்றால். 1497ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அக்கரையைக் கண்ட வாஸ்கோ ட காமா, போர்த்துக்கீச மொழியில் நத்தாரைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். ஈழத்துத் தமிழிலே நாம் வழங்கும் 'நத்தார்' என்ற சொல்லும் அதே போர்த்துக்கீசச் சொல்லின் திரிபாகும். ஒரே சொல் ஓரிடத்திற் பண்டிகையின் பெயராகவும் பிறிதோரிடத்தில் அப்பண்டிகைக்கான சீனியை விளைவித்த தமிழ்த் தொழிலாளரின் துன்ப நிலத்தின் பெயராகவும் நின்றமை தற்செயலானதே. ஆயினும் அவ்விரண்டையும் கடல்வழி வணிகம் என்ற ஒரே வரலாற்றுச் சக்தியே இட்டது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களைப் பாரதியார் பாடினார். அவர் பாடிய துயரத்தின் மறுமுனை எங்கே இருந்தது என்ற வினாவை எமது திறனாய்வு இதுவரை எழுப்பவில்லை. அம்மறுமுனை, ஏனைய பலவற்றோடு, தேநீர்க் கோப்பையிலும் நத்தார் மேசையிலும் இருந்தது.

பிரித்தானியாவிற் சீனிமீதான இறக்குமதித் தீர்வை 1874இல் முற்றாக நீக்கப்பட்டது. பிரபுக்களின் பண்டமாயிருந்த கேக் எழுதுவினைஞரின் வீட்டிற்கும் வந்தது. இதனைச் சனநாயகமாதல் எனக் கூறுவோர் உளர். ஒருவகையில் அது உண்மையே. ஆயின் அச்சனநாயகத்தின் செலவைக் கடலுக்கப்பால் இருந்தோர் செலுத்தினர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

4

பழங்களின் வரலாறும் இத்தகையதே. ஆங்கிலத்திலே 'பிளம்' என்ற சொல் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உலர்ந்த முந்திரிகைப் பழத்தைக் குறித்து வழங்கிற்று. 'பிளம் கேக்' என்ற பெயர் அவ்வாறு வந்ததே. இங்கிலாந்திலே இப்பொருள் பெரும்பாலும் வழக்கிழந்து, அத்தகைய பழைய தொடர்களில் மட்டும் எஞ்சியுள்ளது. ஆயின் யாழ்ப்பாணத்துக் கடையொன்றிற் சென்று 'பிளம்ஸ்' எனக் கேட்டால் இன்றும் உலர்ந்த முந்திரிகையையே நிறுத்துத் தருவர். எசமானனின் மொழி கைவிட்ட பொருளைக் குடியேற்ற நாட்டு மக்களின் பேச்சு வழக்குப் பேணி வைத்திருப்பது மொழியியலாளர் கவனத்துக்குரியது.

சிறிய கரிய முந்திரிகையை ஆங்கிலேயர் கிரேக்கத்தின் கொரிந்து நகரின் பெயராலே வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிரேக்க நாட்டின் ஏற்றுமதியில் இதுவே தலையாயது. பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களைப் பூச்சி அழித்தபொழுது அந்நாடு கிரேக்க உலர்பழத்தை வாங்கி மது வடித்தது. அதனை நம்பிக் கிரேக்க விவசாயிகள் ஏனைய பயிர்களை விடுத்து இவ்வொன்றையே நட்டனர். பிரான்சின் தோட்டங்கள் மீண்டு, அந்நாடு காப்புத் தீர்வையும் விதித்தபொழுது, 1893இல் விலை வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே கிரேக்க அரசும் கடன் தீர்க்க இயலாது முறிந்தது. நிலத்தை நம்பி வாழ்ந்தோர் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஒற்றைப் பயிரை நம்பிய பொருளாதாரத்தின் கதி யாது என்பதைத் தேயிலையும் றப்பரும் விளைவித்த எமது நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மாவைக் குழைத்துச் சுட்டவர்களின் நிலையோ மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகத்திலேயே பதிவாகியுள்ளது. இலண்டன் வெதுப்பகத் தொழிலாளரின் வேலை இரவு பதினொரு மணியளவிலே தொடங்கியதையும், மாக் குழைக்கும் பலகையே அவர்களுக்குப் படுக்கையாக இருந்ததையும், 1862ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு மார்க்ஸ் எடுத்துக்காட்டினார்.

இவ்வுலகளாவிய உழைப்பின் தொகுப்பை ஏகாதிபத்தியமே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. பேரரசின் விளைபொருட்களை விளம்பரப்படுத்துவதற்கென 1926இல் அமைக்கப்பட்டு 1933 வரை இயங்கிய பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை, 1927இல் அரசரின் சமையற்காரரிடமிருந்து நத்தார்ப் புடிங் செய்முறையொன்றைப் பெற்றுப் பரப்பியது. கேக்கின் உடன்பிறப்பாகிய அப்பண்டத்தின் ஒவ்வோர் உறுப்பும் பேரரசின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வரவேண்டும் என்பதே அச்செய்முறையின் உயிர்நாடி. உலர்பழம் அவுஸ்திரேலியாவிலிருந்தும், பாகேற்றிய பழத்தோல் தென்னாபிரிக்காவிலிருந்தும், கராம்பு சன்சிபாரிலிருந்தும், றம் ஜமேக்காவிலிருந்தும் வரவேண்டும். கிரேக்க விவசாயிக்கு அதில் இடமில்லை. இலங்கைக்குக் கிடைத்த இடம் கறுவாவாகும். நாடுகளின் பெயர்கள் அனைத்தும் அப்பட்டியலில் இருந்தன. அந்நாடுகளில் உழைத்தோர் எவரும் அதில் இருக்கவில்லை.

5

அக்கறுவாவின் வழியாகவே நாம் ஈழத்துக்கு வருவோம். கறுவாவை நாடியே போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இத்தீவின் கரையோரத்தைப் பற்றிநின்றனர். கறுவா உரித்தல் சலாகம சாதியினர்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. காடுகளில் அலைந்து குறித்த அளவு பட்டையை அவர்கள் ஒப்படைத்தல் வேண்டும். 1769 அளவிலே ஆளுநர் ஃபால்க் காலத்திற் கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சி கொழும்பிலே தொடங்கிற்று. பிரித்தானியர் ஆட்சியில் 1833இலே அரசின் கறுவா ஏகபோகம் முடிவுற்றது. பின்னர் அத்தோட்டம் செல்வர் குடியிருப்பாக மாறிற்று. கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்று கறுவாவையன்று, வர்க்கத்தையே குறிக்கின்றது.

அந்நிய ஆட்சி எமது குசினியில் விட்டுச்சென்ற அடையாளத்தைச் சொற்களிலே தெளிவாகக் காணலாம். குசினி என்பதே போர்த்துக்கீசச் சொல். பாண், விசுக்கோத்து, போறணை, கஜு ஆகியனவும் அம்மொழி வழி வந்தனவே. சிங்களத்திலே 'புஹுல் தோசி' எனப்படும் நீற்றுப்பூசணிப் பண்டத்தின் பிற்பகுதியும் இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லே. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் நத்தார்க் காலையில் உண்ணும் 'புறூடர்' என்னும் ஈஸ்ட் சேர்த்த பண்டம் ஒல்லாந்துத் தொடர்பினது. 'கேக்' என்ற சொல்லோ ஆங்கிலம். மூன்று ஆட்சிகளின் படிவுகள் ஒரு வீட்டின் குசினியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

ஆயின் இப்படிவுகளைக் கண்டு, இக்கேக் வெறும் போலச்செய்தல் என முடிவுகட்டுவது தவறாகும். ஆங்கிலக் கேக்கையும் ஈழத்துக் கேக்கையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அங்கு வாதுமை இருந்த இடத்தில் இங்குப் பெரும்பகுதியும் கஜு நிற்கின்றது. மத்தியதரைக் கடல் நாடுகளின் பாகேற்றிய பழத்தோலுக்குத் துணையாக, சில வீடுகளில் அதற்குப் பதிலாகவே, நீற்றுப்பூசணித் தோசியும் இஞ்சிப் பாகும் வந்தன. கோதுமை மாவின் இடத்தை ரவை பெற்றது. ஏலமும் பன்னீரும் புதிதாகப் புகுந்தன. முழுப் பழங்களாக இடும் வழக்கம் மாறி, அனைத்தையும் பொடியாக அரியும் வழக்கம் நிலைபெற்றது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னர் எஞ்சியது பெயரும் பண்டிகையுமே. ஐரோப்பிய நாவல் வடிவத்தை ஏற்ற எமது எழுத்தாளர் அதன் உள்ளடக்கத்தையும் ஓட்டத்தையும் மாற்றியமைத்ததை நாம் ஆக்கம் என ஏற்கின்றோம். அதே செயலைக் குசினியிலே செய்தோருக்கு அப்பெயரை மறுப்பதற்கு நியாயமில்லை.

இம்மாற்றங்களைச் செய்தோர் யாவர்? 1929இல் ஹில்டா டொய்ட்றம் தொகுத்து வெளியிட்ட 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் ஆங்கிலமறிந்த இல்லத்தரசியரை நோக்கியது. செய்முறைகள் அவர்தம் பெயராலேயே பேணப்பட்டன. ஆயின் வசதிபடைத்த வீடுகளிற் பழத்தை அரிந்ததும், பட்டரையும் சீனியையும் அடித்ததும் பெரும்பாலும் அவர்களல்லர். நகரத்து வீடுகளிலே வேலைக்கு அமர்த்தப்பட்ட சமையற்காரரும், மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமியருமே அவற்றைச் செய்தனர். கையருகே கிடைத்த பொருளைக் கொண்டு கிடைக்காத பொருளின் குறையை நிறைவு செய்யும் அறிவு, பொருளோடு நாள்தோறும் பழகியவரிடமே பிறக்கும். இங்கிலாந்தின் ஜேனுக்காவது நாட்குறிப்பொன்றிற் பெயர் எஞ்சியது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

கஜுவைப் பற்றியும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசராற் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் கொட்டை, தோலைச் சுடும் எண்ணெயைத் தன் ஓட்டுள்ளே கொண்டது. ஓடுடைத்துப் பருப்பெடுக்கும் வேலையை இந்நாட்டிலும் கேரளத்தின் கொல்லத்திலும் பெரும்பாலும் பெண்களே செய்துவந்துள்ளனர். அவ்வெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களுக்கும் வெள்ளை வெளேரென்ற பருப்புக்குமுள்ள தொலைவே பண்டத்துக்கும் உழைப்புக்குமுள்ள தொலைவாகும்.

போறணை பற்றிய செய்தியும் கருதத்தக்கது. சாதாரண வீடுகளிற் போறணை இருப்பதில்லை. சட்டியின் மேலும் கீழும் தணலிட்டுச் சுடுவோர் ஒருபுறமிருக்க, பலர் வீட்டிற் கலந்த மாவைத் தட்டிலே ஊற்றி அயலிலுள்ள பேக்கரிக்கு அனுப்பினர். பாண் சுட்டு முடிந்த போறணையின் தணிந்த வெப்பம் இக்கேக்குக்கு மிகப் பொருத்தமானது. வெவ்வேறு வீடுகளின் தட்டுகள் ஒரே போறணையில் அடுத்தடுத்து இருந்தன. சமயமும் சாதியும் வகுத்த வேலிகளுக்கிடையே, தேவை தோற்றுவித்த பொதுமை இது. இதனை இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் வரலாற்றிற் பதிதல் வேண்டும்.

6

சுதந்திரத்தின் பின்னரும் கேக்கின் வரலாறு அரசியற் பொருளாதாரத்தின் வரலாறாகவே தொடர்ந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் அதனாற் பயன்பெற்றனர் என்பது நன்கறியப்பட்டது. கேக் செய்வோருக்கோ உலர்பழமும் பட்டரும் அரிதாயின. அக்காலத்தை நினைவுகூருவோர் 'பிளம்ஸ் இல்லாத நத்தார்' எனச் சலித்துக்கொள்வதுண்டு. ஆயின் 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களிற் பட்டினியால் மக்கள் மடிந்தனர் என்பது அந்நினைவுகூரலில் இடம்பெறுவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்கள் ஈட்டிய அந்நியச் செலாவணியே அதற்கு முன்னும் பின்னும் உலர்பழத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பற்றாக்குறை அனைவருக்கும் பொதுவானதாகத் தோன்றினும், ஒரு வர்க்கத்துக்கு அது பண்டிகைக் குறையாகவும் மற்றொரு வர்க்கத்துக்கு உயிரிழப்பாகவும் அமைந்தது. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோரும் பங்குகொண்ட ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது.

1977இன் பின் திறந்த பொருளாதாரம் கடைகளை நிரப்பிற்று. 1990 முதல் வடக்கிலே நிலவிய பொருளாதாரத் தடை அங்குள்ள கடைகளை மீண்டும் வெறுமையாக்கிற்று. 2022ஆம் ஆண்டிலே நாடு கடன் தீர்க்க இயலாத நிலையை அடைந்தபொழுது எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 1893இன் கிரேக்கத்தை நாம் இங்கு மறுபடியும் நினைவுகூருதல் பொருந்தும்.

எமது குடும்பத்திலே பேணப்பட்டுவரும் சமையற் குறிப்பேடு ஒன்றை இக்கட்டுரைக்காக மீண்டும் பார்த்தோம். நத்தார்க் கேக்குக்கான பட்டியலிலே பிளம்ஸ், பட்டர், செரி ஆகிய மூன்றின் அருகிலும், பிற்காலத்து மையினால், 'கிடைத்தால்' என்ற ஒரு சொல் அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டுள்ளது. பட்டருக்குக் கீழே 'மாஜரீன்' என்றும், செரிக்குக் கீழே 'பப்பாசிக்காய், சிவப்புச் சாயம்' என்றும் உள்ளன. தோசிக்கும் இஞ்சிக்கும் அருகில் அச்சொல் இல்லை. எழுதியவர் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார். ஆயின் ஏகாதிபத்தியச் சந்தையில் எமது நாடு நின்ற நிலையை அவ்வொரு சொல்லைவிடச் சுருக்கமாகக் கூறிய ஆவணத்தை நாம் கண்டதில்லை. குறைவந்த இடத்தை நிரப்பத் தெரிந்த கையின் சான்றும் அதே பக்கத்தில் இருக்கின்றது.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவனவற்றைச் சுருக்கிக் கூறலாம். முதலாவது, நத்தார்க் கேக் என்ற மரபு பழமையானதோ நிலையானதோ அன்று. உழைப்பு எங்கிருந்து, எவ்விலைக்குப் பெறப்பட்டது என்பது மாறுந்தோறும் அதன் வடிவமும் நாளும் மாறின. இரண்டாவது, அந்நியத் தோற்றம் ஒன்றே ஒரு பண்டத்தை அந்நியமாக்கிவிடாது. அதனை ஏற்று, மாற்றி, தமதாக்கிய மக்களின் ஆக்கத்திறனை மறுத்து அதனை ஒதுக்குவது, தூய்மைவாதத்தின் பாற்படுமேயன்றி மார்க்சியத்தின் பாற்படாது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்திலே, மக்களின் பேச்சு வழக்கை இழிவழக்கு என்றோரை எதிர்த்து முற்போக்கு எழுத்தாளர் நின்றனர். மொழிக்கு அன்று பொருந்திய நியாயம் உணவுக்கும் பொருந்தும். மூன்றாவது, பாரம்பரியம் எனப் போற்றுவோருக்கும் ஒரு கடப்பாடு உண்டு. கைப்பக்குவத்தைப் போற்றுவோர் அது எவரின் கை என்றும் கூறுதல் வேண்டும்.

இத்துறையில் ஆய்வுக்குரிய மூலங்கள் நூலகங்களில் மட்டும் இல்லை. வீடுகளிற் கிடக்கும் கையெழுத்துக் குறிப்பேடுகள், பழைய பேக்கரிகளின் கணக்குப் புத்தகங்கள், வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த முதிய பெண்களின் வாய்மொழிகள் ஆகியன ஆண்டுதோறும் அழிந்துவருகின்றன. அவற்றுட் குறிப்பேடுகள் எங்கேனும் ஓர் அலுமாரியில் இன்னுஞ் சில காலம் கிடக்கும். வாய்மொழிகள் அவ்வாறு கிடக்கமாட்டா. ஆகவே, எழுதத் தெரியாதிருந்த அப்பெண்களிடமிருந்தே இப்பணியை நாம் தொடங்குதல் வேண்டும்.